உண்டியல் மட்டும் போதுமா? பிள்ளைகள் பார்க்க வேண்டிய சம்பளச் சீட்டு

தண்டலம் பஸ் நிறுத்தத்தில் மாலை நேரத்தில் எந்த நாளும் பார்க்கக்கூடிய காட்சி இது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் ஷிப்ட் முடித்தவர்கள் இறங்குவார்கள். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று அம்மாவின் போனை வாங்கி, க்யூஆர் அட்டைக்கு நேராகப் பிடிக்கும். ரகசிய எண்ணைக்கூட அதுவே தட்டிவிடும். கடையில் இருக்கும் பெட்டி சத்தமாகச் சொல்லும்: “இருபது ரூபாய் பெறப்பட்டது.” பிள்ளை சிப்ஸ் பாக்கெட்டோடு நடையைக் கட்டும்.

அந்தப் பிள்ளை பணத்தைப் பார்க்கவே இல்லை. நோட்டு கையைவிட்டுப் போகவில்லை. மிச்சச் சில்லறை திரும்பி வரவில்லை. பத்து ரூபாயோடு கடைக்குப் போய், பாக்கியை எண்ணி வாங்கிவரும் பழைய வேலையில் ஒரு கணக்குப் பாடம் இருந்தது. அது போச்சு.

பணம் போவது மட்டுமல்ல, வருவதும் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. ஒரு காலத்தில் சம்பளக் கவர் வீட்டுக்கு வரும். சாமி படத்துக்கு முன்னால் வைத்து, வாடகைக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு என்று எண்ணிப் பிரிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எல்லாவற்றையும் பார்க்கும். இப்போது சம்பளம் ஒரு குறுஞ்செய்தி. ஈஎம்ஐ போவது இன்னொரு குறுஞ்செய்தி.

இந்தத் தலைமுறைக்கு “சேமிச்சு வை” என்று சொல்வதற்கு முன்னால், பணத்தைக் கண்ணில் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு உண்டியலைவிட நல்ல பாடப்புத்தகம் ஒன்று இந்த வட்டாரத்தின் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. மாதாமாதம் வரும் சம்பளச் சீட்டுதான் அது.

நோக்கியா விட்டுச் சென்ற பாடம்

இதை ஏன் தண்டலத்தில் இருந்து பேச வேண்டும்? தமிழ்நாட்டில் மாதச் சம்பளம் என்பது இவ்வளவு வேகமாக வந்து, இவ்வளவு வேகமாகப் போன பகுதிகள் குறைவு என்பதால்தான்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை ஓடத் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த கையோடு பல மாவட்டங்களில் இருந்து இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெண்கள் பெரும்பங்கு. வீட்டிலேயே முதன்முதலாக வங்கிக் கணக்கில் மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்களில் ஏராளம்.

2013-இல் நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்க முடிவு செய்தது. வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை ஏற்றுக்கொண்டு வெளியேறினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி ஆலையில் உற்பத்தி நின்றது. நோக்கியாவை நம்பியிருந்த துணை ஆலைகளும் ஆட்டம் கண்டன.

இருபதுகளில் இருந்த ஒருவருக்கு அன்று நடந்தது இதுதான்: மாதச் சம்பளம் நின்றது. கையில் மொத்தமாக ஒரு தொகை வந்தது. அதை வங்கியில் போடுவதா, வீட்டுக் கடனை அடைப்பதா, தங்கைக்கு நகை எடுப்பதா, பிஎஃப் பணத்தை எடுப்பதா விடுவதா? ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெறுகிறவர்களே தடுமாறும் முடிவு. அதை இருபத்தைந்து வயதில், யாரும் எதுவும் சொல்லித்தராத நிலையில், சில வாரங்களுக்குள் எடுக்க வேண்டியிருந்தது.

அவர்கள் வேலை இழந்ததற்குக் காரணம் அவர்களுக்குச் சேமிக்கத் தெரியாதது அல்ல. வரித் தகராறும் உலகச் சந்தையில் நோக்கியா சரிந்ததும்தான். சிக்கனம் சொல்லிக் கொடுத்திருந்தால் ஆலை மூடாமல் இருந்திருக்காது. ஆனால், அந்தச் சில வாரங்களில் சரியான கேள்விகளைக் கேட்கத் தெரிந்திருந்தால் கையில் வந்த பணம் எங்கே போகிறது என்பதாவது அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்திருக்கும். 2022-இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலை மூடப்பட்டபோது அதே கேள்விகள் இன்னொரு கூட்டத்தின் முன்னால் வந்து நின்றன.

இப்போது மறுபடி புது ஆலைகள், புது விடுதிகள், புது வேலைகள். அன்று இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ஒழுக்கமா, கணக்கா?

தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குச் சேமிப்பு சொல்லித்தருவது புது விஷயம் இல்லை. இப்போது நாற்பது வயதைக் கடந்தவர்களில் பலருக்கு ‘சஞ்சாயிகா’ நினைவிருக்கும். வகுப்பாசிரியரிடம் ஐம்பது காசு, ஒரு ரூபாய் என்று கொடுத்தால், சின்னப் புத்தகத்தில் வரவு வைத்துக் கொடுப்பார். பள்ளியைவிட்டுப் போகும்போது பணம் திரும்பக் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 30-ஆம் தேதி உலக சிக்கன நாள் வரும். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி நடக்கும். ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்று ஒரு வரி எல்லாக் கட்டுரையிலும் இருக்கும்.

நல்ல முயற்சிதான். ஆனால், அங்கே சேமிப்பு ஒரு நல்லொழுக்கமாகச் சொல்லித் தரப்பட்டது. பொய் சொல்லாதே, திருடாதே, சேமித்து வை. ஏன் சேமிக்க வேண்டும், எங்கே வைத்தால் எவ்வளவு ஆகும், கடன் வாங்கினால் உண்மையில் எவ்வளவு திருப்பித் தருகிறோம் என்ற கணக்கு அதில் இல்லை.

விளைவு தெரிந்ததுதான். தேசிய நிதிக் கல்வி மையம் 2019-இல் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மட்டுமே அடிப்படை நிதி அறிவு இருப்பதாகத் தெரியவந்தது. மிச்சமுள்ள 73 பேரும் ஊதாரிகள் அல்ல. அவர்களில் பலர் வயிற்றைக் கட்டிச் சேமிப்பவர்களாகவே இருப்பார்கள். அறிவுரை கேட்டவர்கள், கணக்கு கேட்காதவர்கள்.

புத்தகத்து வட்டி வேறு, வீட்டு வட்டி வேறு

“பள்ளிக்கூடத்துல வட்டிக் கணக்கு சொல்லித்தர்றாங்களே?” என்று கேட்கலாம். உண்மைதான். தமிழ்நாடு பாடநூலில் ஏழாம் வகுப்பிலேயே தனிவட்டி வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ என்றே ஓர் இயல் இருக்கிறது. லாபம், நட்டம், ஜிஎஸ்டி, கூட்டு வட்டி எல்லாம் அதில் உண்டு.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. புத்தகத்தில் வட்டி ஆண்டுக்கு. வீட்டில் வட்டி மாசத்துக்கு.

பாட்டி போனில் யாரிடமோ “ரெண்டு வட்டிக்குத்தான் வாங்கினேன்” என்று சொல்லும்போது, பிள்ளையின் மனதில் அது 2 சதவீதம். புத்தகத்தில் 8 சதவீதம், 10 சதவீதம் என்று போட்டிருக்கிறதே, பாட்டி கெட்டிக்காரிதான் என்று அது நினைத்துக்கொள்ளும். உண்மையில் ரெண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். மூணு வட்டி 36 சதவீதம். பத்து வட்டி 120 சதவீதம். வாங்கிய அசலைவிட ஒரே வருடத்தில் வட்டி அதிகம்.

தேர்வில் வட்டிக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, வீட்டில் பேசப்படும் வட்டி புரியாது. “பன்னிரண்டால பெருக்கு” என்ற மூன்று விநாடிப் பாடத்தை யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும். அந்த யாராவது, அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்க வேண்டும்.

இந்தப் பெருக்கல் வெறும் கடனுக்கு மட்டும் இல்லை. 2022-இல் வெளிச்சத்துக்கு வந்த ஆருத்ரா வழக்கில், மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகத் தமிழகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் கூறுகிறார்கள். மாதம் 30 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 360 சதவீதம். ஒரு லட்சம் கட்டியவருக்கு நாலே மாதத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் வர வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் அது கேட்கும் முதல் கேள்வி, “அவங்களுக்கு அவ்ளோ பணம் எங்கிருந்து வருது?” என்பதாக இருக்கும். பெரியவர்கள் பலர் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

சம்பளச் சீட்டை எப்படிக் காட்டுவது?

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கே இது புரியும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். அப்பாவின் மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய். அதில் பிஎஃப் கணக்கிடப்படும் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், பிஎஃப். ஈஎஸ்ஐ பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். கைக்கு வருவது 16,065 ரூபாய்.

“பிடிச்சுட்டாங்க” என்றுதான் வீடுகளில் இதைச் சொல்வது வழக்கம். அந்த வார்த்தையை முதலில் மாற்றலாம். பிஎஃப் என்பது அப்பாவின் பணம்தான், பிற்காலத்துக்குப் போகிறது, கம்பெனியும் அதே அளவு போடுகிறது, அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகிறது என்று சொல்லலாம். ஈஎஸ்ஐ என்பது உடம்பு சரியில்லாமல் போனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான ஏற்பாடு. சேமிப்பு, காப்பீடு இரண்டுமே அந்த ஒரே சீட்டில் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது மணிக்கணக்கு. மாதம் 26 நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 208 மணி நேரம். 16,065-ஐ அதால் வகுத்தால் மணிக்குச் சுமார் 77 ரூபாய். பிள்ளை கேட்கும் ஷூ 1,300 ரூபாய் என்றால் அது கிட்டத்தட்ட 17 மணி நேரம். இரண்டு முழு ஷிப்டுக்கு மேல் அப்பா லைனில் நிற்க வேண்டும்.

இதைக் குத்திக்காட்டச் சொல்லக் கூடாது. “உனக்காக நான் எவ்ளோ கஷ்டப்படறேன் தெரியுமா?” என்று ஆரம்பித்தால் அது பாடம் இல்லை, பழி. “இந்த ஷூ பதினேழு மணி நேரம்டா. வாங்கலாமா, இல்ல 600 ரூபாய்க்கு வேற பார்க்கலாமா? நீயே சொல்லு” என்று கேட்டால் பிள்ளை யோசிக்கும். சில நேரம் “வாங்கலாம்ப்பா” என்றுதான் சொல்லும். அதுவும் தப்பில்லை. விலையை மணி நேரமாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும்.

அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் இன்னும் நல்லது. 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய அந்த இயக்கத்தின் நோட்டுப் புத்தகம் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. யார் எவ்வளவு சேமித்தார்கள், யாருக்குக் கடன், எவ்வளவு திரும்ப வந்தது, பாக்கி எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். கூட்டல் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து “இதைச் சரிபார்த்துக் குடு” என்று சொன்னால், வரவு செலவு என்பது என்னவென்று அதற்கு ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

ஈஎம்ஐ: பதின்ம வயதுக்கான பாடம்

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு பைக் ஆசை வரும். அந்த ஆசையே நல்ல பாடம்.

ஒரு லட்ச ரூபாய்க் கடன், மூன்று வருடம், ‘10 சதவீதம் ஃபிளாட் ரேட்’ என்று ஒருவர் சொல்கிறார். வருடத்துக்குப் பத்தாயிரம், மூன்று வருடத்துக்கு 30,000 வட்டி. மாதத் தவணை 3,611 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. ஃபிளாட் ரேட்டில் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி போடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் அதே 10 சதவீத வட்டி போட்டால், மூன்று வருடத்துக்கு மொத்த வட்டி சுமார் 16,200 ரூபாய்தான். வித்தியாசம் 13,800 ரூபாய். வேறு மாதிரி சொன்னால், 10 சதவீத ஃபிளாட் ரேட் என்பது உண்மையில் கிட்டத்தட்ட 18 சதவீத வட்டி.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குத் தரும் புதிய கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முக்கிய விவரங்கள் அடங்கிய தாள் ஒன்றைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்க வேண்டும். பைக் வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போய், “அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படி” என்று வேலை கொடுக்கலாம்.

கணக்கு யார் பேரில்?

பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே வங்கிக் கணக்கு தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். இருப்புக்கு மேல் எடுக்க முடியாது. தபால் நிலையத்திலும் பத்து வயதுக்கு மேல் பிள்ளை பேரில் கணக்கு தொடங்கலாம். குறைந்தபட்சம் 500 ரூபாய் போதும். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து கட்டலாம்.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. செல்வமகள் கணக்கு பிள்ளைக்காகப் பெற்றோர் சேமிப்பது. அது தேவை. ஆனால், பிள்ளை கற்றுக்கொள்வது தானே போட்டு, தானே எடுத்து, தானே தப்பு செய்யும் கணக்கில்தான். பொங்கலுக்குத் தாத்தா கொடுத்த 500 ரூபாயை மொத்தமாக விளையாட்டுச் செயலியில் விட்டுவிட்டு ஒரு மாதம் கையைப் பிசைவது நல்லதுதான். பன்னிரண்டு வயதில் 500 ரூபாயோடு முடிகிற தப்பு, இருபத்திரண்டில் கடன் செயலியில் ஐம்பதாயிரமாக நடக்காமல் இருக்க அது உதவும்.

இதற்குக் காலக்கெடுவும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் நேரடியாக அவர்கள் கணக்குக்கே வருகிறது. படிப்பை முடித்து ஆலையில் பயிற்சியாளராகச் சேர்பவருக்கு முதல் மாதத்திலேயே சம்பளம் வருகிறது. பதினேழு, பதினெட்டு வயதில் சொந்தப் பணம் வந்துவிடும். பாடம் அதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

“பிஞ்சு மனசுல இதெல்லாம் ஏத்தணுமா?”

இந்தத் தயக்கம் நியாயமானது. பிள்ளைக்குக் கணக்கைக் காட்டுவது வேறு, கவலையைக் காட்டுவது வேறு. வாடகை எவ்வளவு என்று பத்து வயதில் தெரியலாம். அடுத்த மாத வாடகைக்குப் பணம் இல்லை என்ற பயம் அந்த வயதில் தேவையில்லை. கடன்காரர் வாசலில் நிற்கும்போது பிள்ளையை அனுப்பி “அப்பா இல்லைன்னு சொல்லு” என்பதுதான் பிஞ்சு மனதில் ஏற்றக் கூடாத பாரம். அதைப் பல வீடுகள் யோசிக்காமல் செய்கின்றன.

“வெளிய போய்ச் சொல்லிடுமே” என்பது இன்னொரு பயம். சொல்லலாம்தான். “வீட்டுக் கணக்கு வீட்டோட இருக்கணும்” என்று சொல்லிக் காட்டினால், நம்பிச் சொன்ன விஷயத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் காப்பாற்றும். இன்னும் தயக்கம் இருந்தால் சம்பளத்தைக் காட்டாமல் மளிகை பில்லில் இருந்தோ மின் கட்டணத்தில் இருந்தோ ஆரம்பிக்கலாம்.

மூன்றாவது கேள்விதான் கனமானது. “வர்ற சம்பளம் வாய்க்கும் வயித்துக்குமே பத்தல. இதுல என்னத்தைச் சேமிக்க, என்னத்தைச் சொல்லித்தர?” இதற்கு உண்டியலில் பதில் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரத் தொழிலாளியைவிடக் குறைவான சம்பளம் என்பது சிக்கனத்தால் தீரும் பிரச்சினை இல்லை. நிதிக் கல்வி என்ற பேரில் ஏழைகளைப் பார்த்து “நீங்கள் சரியாகச் செலவு செய்யவில்லை” என்று சொல்வது அநியாயம்.

ஆனால், சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த அநியாயமும் புரியும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்று சட்டம் சொல்கிறதே, சீட்டில் ஏன் ஒற்றைச் சம்பளம் போட்டிருக்கிறது என்று அது நாளைக்குக் கேட்கும். பிஎஃப் பிடித்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும். சேமிக்கத் தெரிவதோடு, தனக்கு வர வேண்டியதைக் கேட்கத் தெரிவதும் பண அறிவுதான். குறைந்த சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகவே தேவை.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். அடுத்த சம்பள நாளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். போனில் வந்த சம்பளச் சீட்டைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளில் வந்தது எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, வாடகை, மளிகை, தவணை, மிச்சம் என்று பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லலாம். மிச்சம் பூஜ்யமாகவே இருந்தாலும் எழுதட்டும். அடுத்த மாதமும் அதே தாளை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.